மீட்டர் பெட்டி எண்

அக்டோபர் 12, ஞாயிறு

வெறும் வயிற்றில் சர்க்கரை 171. இன்சுலின் 18.

அவருடைய சர்க்கரையைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லி டாக்டர் வாங்க வைத்த நோட்டு இது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. மீதிப் பக்கம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இன்றிலிருந்து மிச்ச இடத்தில் என் புலம்பலை எழுதுவதாக முடிவு. அவர் படித்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. அவர் கண்ணுக்கு எழுத்து தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

இன்றைய வகுத்தல்: 30817. ஈவு 31911, மீதி 18434. இன்னும் ஐம்பத்தெட்டு பாக்கி.

நாளை யாராவது இந்த நோட்டைப் பிரித்தால் வீட்டில் பைத்தியம் இருந்தது என்று நினைப்பார்கள். இருந்தது உண்மைதான், ஆனால் விவரம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தண்டபாணி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நாலு வருஷம் சக்கரம் சோதித்தவர். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சு வலி வந்தது. இரண்டு மாதம் அசையாமல் உட்காரச் சொன்னார்கள். ஒரு நாள் கரண்ட் போன மதியத்தில் ஹாலில் உட்கார்ந்திருந்தவர், எதிரே சுவரில் இருந்த கரண்ட் மீட்டரைப் பார்த்திருக்கிறார். அதன் பெட்டிமேல் ஒன்பது இலக்கத்தில் ஒரு எண். 983419721. இது பகா எண்ணாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா என்று.

தெருவில் எல்லார் வீட்டிலும்தான் மீட்டர் இருக்கிறது. எங்கள் வீட்டு மீட்டர்தான் குலதெய்வம் ஆனது.

அதற்கு என்ன செய்யவேண்டும் என்றால், 31359 வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் அதை வகுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு மேல் போகவேண்டாம். ஒரு எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது அதற்குள் இருந்தே தீரும். அப்படி மொத்தம் மூவாயிரத்து முந்நூற்று எண்பது எண்கள். ஒன்றிலாவது மீதி பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது. ஆறரை வருஷமாக வரவில்லை. கால்குலேட்டர் கூடாது, கம்ப்யூட்டர் கூடாது, எல்லாம் கையால். கண்ணின் நடுப்பகுதியைச் சர்க்கரை தின்ற பிறகு, பதினெட்டு மாதமாக நான்தான் போடுகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து வகுக்கவேண்டிய எண்ணைச் சொல்வார், நான் போட்டு மீதியைச் சொல்வேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் எண்களைக் கேட்டு இணைப்புக் கொடுத்தவள். ஓய்வு பெற்றும் விமோசனம் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சர்க்கரை 158. இரண்டு வகுத்தல். துணியை ஊறவைத்தேன், அலசிப் போடவில்லை. இடது கையைத் தூக்கிக் கொடியில் எறிய முடியவில்லை. வயசு.

அக்டோபர் 16, வியாழன்

சர்க்கரை 166. கண்ணுக்குள் ஊசி போடும் நாள். காலை எட்டு மணிக்குப் போய் மதியம் ஒன்றேகாலுக்கு வெளியே வந்தோம். நடக்கும்போது என் இடது தோளைப் பிடித்தார். வலது பக்கம் வாங்க என்றேன். ஏன் என்றார். இடது கையில் பை இருக்கிறது என்றேன். பை வலது கையில்தான் இருந்தது, நல்லவேளை அவருக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன், ஆறரை வருஷத்தில் முதல் தடவையாக. இந்த எண் பகா எண் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

"முப்பத்து நாலு வருஷம் விரிசலைத்தான் தேடினேன் ஹேமா. கிடைச்சா நல்ல வேலைக்காரன்னு பேரு. விரிசலே இல்லாத ஒண்ண, கடைசி வரைக்கும் தட்டிப் பாத்துட்டு, இதுல இல்லைன்னு கையெழுத்துப் போட்டதே இல்ல. சக்கரத்துல அப்படிப் போட முடியாது. இன்னிக்கு இல்லைன்னுதான் போடலாம். எண்ணுல போடலாம்" என்றார்.

இவ்வளவு நீளமாக அவர் பேசி வருஷங்கள் ஆகின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர்தான், யாரும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

சர்க்கரை 203. அதிரசம் ஒன்று என்றார், மூன்று என்கிறது இந்த மெஷின்.

நாக்பூரிலிருந்து யாமினி பேசினாள். எங்களுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் வேலைதான். அப்பா, அனுமதி கொடுத்தால் ஒரு வினாடியில் சொல்லிவிடுவேன் என்று வழக்கம்போலச் சீண்டினாள். வழக்கம்போல மறுத்தார். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள், இதுவரை மீறவில்லை. அப்பா பிள்ளை.

ஹாலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பீரோ பூட்டு சரியில்லை. யாமினி வீட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில், எண் முடியட்டும். மற்றதும் அப்படித்தான். இன்னும் நாற்பத்தொன்பதுதான்.

அக்டோபர் 27, திங்கள்

சர்க்கரை 149. ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். அந்த நம்பரிலிருந்து மறுபடி போன் வந்தது. எடுக்கவில்லை. யார் என்றார். லோன் வேணுமான்னு கேக்கறாங்க என்றேன். இந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. அந்த நர்ஸுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அந்த உறை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இருக்கிறது. எங்கே போகும்.

நவம்பர் 6, வியாழன்

சர்க்கரை 162.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் நவம்பரில் சான்று கொடுக்கவேண்டும். இ-சேவை மையத்துக்குப் போனேன். அதை நடத்துகிற ஜாஸ்மின் பானு நல்ல பெண், முப்பது வயது இருக்கும். மெஷின் என் விரல் ரேகையை எடுக்கவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அழிந்துவிட்டதாம். ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும், நான் உயிரோடு இல்லை என்றே சொன்னது. வெந்நீரில் கழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம் என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை, யாமினிதான் செய்தாள் என்று ஒரு குறுக்குப் புத்தி. ஒரு நம்பர் பகா எண்ணா என்று இதில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். சொல்லுங்கம்மா என்றாள். சொன்னேன். அவள் தட்டினாள். நான் மூச்சுக்கூட விடவில்லை, அதற்குள் வந்துவிட்டது.

"இல்லம்மா, ரெண்டாப் பிரியுது. முப்பதாயிரத்து இருபத்தொன்பது, இன்னொண்ணு முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி நாப்பத்தொன்பது" என்றாள்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதேதான் வந்தது. பிறகு விரல் வைத்தேன். இந்த முறை நான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

வீட்டுக்கு வந்து இன்றைய வகுத்தலையும் போட்டேன். 31123. மீதி வந்தது. பாக்கி இருபத்தெட்டு.

நவம்பர் 7, வெள்ளி

சர்க்கரை 155.

அவர் மதியம் தூங்கியபோது பழைய நோட்டை எடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று நோட்டு. முதல் பதினாறில் அவர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. கடைசி ஏழில் என்னுடையது.

30029 இருந்தது என் நோட்டில். ஆகஸ்ட் 8.

இரண்டாவது துண்டு 31359-க்கு மேலே போய்விட்டது. ஆக மூவாயிரத்து முந்நூற்று எண்பதில் பிடிபடக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அவர் போட்டவற்றில் ஒரு பிசகும் இல்லை. அந்த ஒன்று என் கையில் வந்து விழுந்திருக்கிறது.

படிப்படியாகப் பார்த்தேன். 224917-லிருந்து 210203 போனால் 14714. நான் 14174 என்று எழுதியிருக்கிறேன். நடுவில் இருக்கும் ஏழும் ஒன்றும் இடம் மாறிவிட்டன. அப்புறம் எல்லாம் சரியாகத் தப்பாகப் போயிருக்கிறது. ஈவு 32747, மீதி 6058. பூஜ்யம் வந்திருக்கவேண்டிய இடம்.

நாங்கள் ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்போம். வகுத்த எண்ணின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டு, ஈவையும் அப்படிக் கூட்டு, இரண்டையும் பெருக்கி மீதியைச் சேர்த்து மறுபடி சுருக்கு. எட்டு வரவேண்டும், ஏனென்றால் மீட்டர் எண்ணைச் சுருக்கினால் எட்டு. இந்தத் தப்புக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, இருபத்தைந்து, ஏழு, அதோடு ஒன்று. எட்டுதான் வருகிறது. இலக்கங்கள் தங்களுக்குள் இடம் மாறினால் கூட்டல் மாறாதே. மற்றத் தப்பெல்லாம் அநேகமாக மாட்டிவிடும், இது மாட்டவே மாட்டாது.

அன்று அவரிடம், எட்டு வருது என்றேன். சரி, போகலாம் என்றார். அது நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 8 ஆடி வெள்ளி. சமயபுரம் போய்வந்த நாள். கூட்டம், வெயில், அலுப்பு.

நவம்பர் 8, சனி

சர்க்கரை 160. சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

சர்க்கரை 157. கண் ஊசி. இந்த முறை டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், நடுப் பார்வை இனி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஊசி. அவர் தலையை ஆட்டினார். ஆட்டோவில் வரும்போது, "எத்தனை பாக்கி?" என்றார். பதினெட்டு என்றேன். "அது போதும்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது?

நவம்பர் 18, செவ்வாய்

சர்க்கரை 170. இன்சுலின் 20 ஆக்கினோம்.

இனி எதிலும் பூஜ்யம் வராது என்று தெரிந்துகொண்டே வகுக்கிறேன். பாக்கி பதிமூன்று. வாய்க்கு வந்த மீதியைச் சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கை அப்படிப் போகமாட்டேன் என்கிறது. முப்பத்தோரு வருஷம் ஒருத்தருக்கும் தப்பான இணைப்புக் கொடுத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். அதனால் ஒவ்வொன்றையும் ஒழுங்காகவே போடுகிறேன், இரண்டு தடவை சரிபார்க்கிறேன். செத்த வீட்டைப் பெருக்கிக் கோலம் போடுகிற மாதிரி இருக்கிறது.

அலுப்பு என்றால் தூங்கினால் போய்விடவேண்டும். இது தூங்கி எழுந்த பிறகும் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சர்க்கரை 152.

சங்கடம் முற்றுகிறது. யாமினி போன் செய்தபோது அவரே எடுத்து, அடுத்த ஞாயிறு நீ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கேட்டேன். பணிமனையில் ஒருவர் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இரண்டாவதாக ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். முதல் ஆள் வேலையை முடிப்பதற்கு முன்னால் இரண்டாவது ஆள் வாயைத் திறக்கக்கூடாது, முடித்த பிறகு திறந்தே ஆகவேண்டும். அதனால்தான் இத்தனை வருஷமும் அவளைத் தடுத்தாராம். நான் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக எனக்கு ஒரு வாரம் இருக்கிறது. பெண் வாயால் கேட்கவிடுவதா, நானே சொல்வதா?

சொன்னால் மனிதர் உடைந்துபோவார். ஆறரை வருஷம். கண் போன பிறகும் அவர் காலையில் எழுந்திருப்பது இதற்காகத்தான். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போனில் தெரிந்து, அந்த முகத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி

சர்க்கரை 144. 31337. மீதி 1987. யாமினி பொறந்த வருஷம் என்று சிரித்தார். பாக்கி ஒன்று.

நவம்பர் 29, சனி

சர்க்கரை 139, பல மாதங்களில் இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

31357. ஈவு 31362. மீதி 1487. சரிபார்த்தேன், எட்டு.

முடிந்தது.

அவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டைக் கேட்டார். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று என் விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். தண்டபாணி என்று எழுதினார், வரி மேலே ஏறிப் போய்விட்டது. கீழே நீயும் போடு, பாதி வேலை உன்னுது என்றார். பேனாவில் மை இல்லை என்றேன். அவர் இப்போதுதான் அதே பேனாவில் எழுதியிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு தெருமுனை வரை தனியாகவே நடந்து போய்வந்தார். கேசரி கிண்டச் சொன்னார். அவருக்கு ஒரு ஸ்பூன்தான் வைத்தேன். என்னால் அதுகூட முடியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

சர்க்கரை 168.

காலை ஏழரைக்குக் காபி கொடுத்தேன். யாமினி பதினொரு மணிக்குத்தான் கூப்பிடுவாள். எதிரே உட்கார்ந்துகொண்டேன். வழக்கமாக வகுப்பதற்கு உட்காரும் இடம்.

"என்னங்க, அது பகா எண் இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தார். யார் சொன்னது என்றார். நவம்பர் ஆறாம் தேதி இ-சேவை மையத்தில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். இருபத்து நாலு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

"எதுல போகுது?"

"முப்பதாயிரத்து இருபத்தொன்பது."

"அது நீ போட்டது."

"ஆமா. நான் போட்டதுதான்."

நோட்டை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். 224917-லிருந்து 210203 என்று வாசித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். மனசுக்குள்ளேயே கழித்து, 14714 என்றார். நீ என்ன எழுதியிருக்க என்றார். வாசித்தேன். இடம் மாறிப்போச்சு, எட்டு வந்திருக்குமே என்றார். வந்தது என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆறரை வருஷத்தை ஒரு மத்தியானத்தில் பாழாக்கியவளுக்கு ஒரு வசவாவது வேண்டாமா. மன்னிச்சிடுங்க என்றேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. முகத்தில் வருத்தம் இருந்தது, அதைவிட அதிகமாக ஒரு யோசனை இருந்தது. சக்கரத்தைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்து நிற்கும்போது அவருக்கு இப்படித்தான் முகம் ஆகும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சாப்பாடு கொண்டு போனபோது பார்த்திருக்கிறேன்.

"பதினெட்டு மாசத்துல உங்கிட்ட ஒரு தப்பு வந்ததில்ல. விரிசல் வந்துச்சுன்னா சக்கரத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். என்ன தேதி?"

"ஆகஸ்ட் எட்டு."

"அன்னிக்கு என்ன?"

ஆடி வெள்ளி, சமயபுரம், கூட்டம், அலுப்பு என்று சொன்னேன். இந்த நோட்டில் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் அவசரப்படவில்லை. "கோயிலுக்குப் போய்ட்டு வந்தா எனக்குத் திருநீறு வெச்சுவிடாம நீ பச்சத் தண்ணி குடிக்க மாட்ட. அன்னிக்கு வெக்கல. மறந்திருப்பன்னு விட்டுட்டேன். எங்க போன ஹேமா?"

எழுந்து போய் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து உறையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்தார். பெரிய உறை, உள்ளே படம், காகிதம். என்னிடமே திருப்பி நீட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. அவரால் படிக்க முடியாது. நான்தான் வாசிக்கவேண்டும்.

எக்ஸ்சேஞ்சில் எண்ணைத் திருப்பிச் சொல்கிற குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல், மேலே இருந்த ஆகஸ்ட் எட்டு என்ற தேதியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். ஒரு வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். உடனே ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்று கீழே எழுதியிருந்தது, அதையும் படித்தேன். போவதாக இருந்தாயா என்று கேட்டார். எண் முடியட்டும் என்று இருந்தேன் என்றேன்.

நாற்பது வருஷத்தில் இன்றுதான் அவர் அழுது பார்த்தேன். எண்ணுக்காக இல்லை.

பதினொரு மணிக்கு யாமினி கூப்பிட்டாள். அவரே எடுத்தார். "அது பகு எண்மா. முப்பதாயிரத்து இருபத்தொன்பதுல போகுது. நீ பாக்க வேண்டாம், அதை விடு. அம்மாவைப் பத்திப் பேசணும்" என்றார். மற்றதை நான் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் நேற்றைய கேசரிப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று சர்க்கரை பார்க்கவில்லை. ஊசி மட்டும் போட்டுக்கொண்டார்.

அந்த நர்ஸுக்கு நானே காலை எட்டு மணிக்குப் போன் செய்தேன். வாங்க என்று மட்டும் சொன்னாள், திட்டவில்லை. ஆட்டோவில் அவர் என் வலது பக்கம் உட்கார்ந்தார், நான் சொல்லாமலே. உறையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். யாமினி நாளை காலை விமானத்தில் வருகிறாள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா முதலில் கேட்டது எத்தனை நாளாக இருக்கிறது என்று. ஒரு மாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம். பக்கத்தில் அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காதைக் கொடுத்திருந்தார்.

இந்த நோட்டிலும் இதுவரை எழுதவில்லை, எழுதிவிடுகிறேன். இடது மார்பில் கட்டி. ஜூலை இரண்டாம் தேதி, புதன்கிழமை, குளிக்கும்போது கையில் பட்டது. டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

அவள் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அப்படின்னா ஒரு அஞ்சு மாசம் என்றாள்.

"நூத்தி அம்பத்திரண்டு நாள்" என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த எண்ணை அவர் எதனாலும் வகுத்துப் பார்க்கவில்லை.